சீவாளியும் சுவிட்சும்

ஈயம் உருகும்போது எழும் பிசின் புகைக்கு ஒரு தனி வாசனை உண்டு. போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டி நீளும் சாலையில், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த வாசனை முதலில் நினைவூட்டுவது ரேடியோ ரிப்பேர் கடையைத்தான். பின்பக்க அட்டை கழற்றிய வால்வு ரேடியோ, ஏரியல் ஒடிந்த டிரான்சிஸ்டர், நாடா சிக்கிய டேப் ரிக்கார்டர், இவற்றுக்கு நடுவே குனிந்திருக்கும் ஒருவர், அவர் கையில் புகையும் சால்டரிங் அயர்ன். திருவிழாக் காலத்தில் அந்த மேசைக்கு இன்னொரு பொருளும் வந்து சேரும். ராத்திரி கச்சேரி என்றால் மத்தியானமே ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "அண்ணே, சத்தம் விட்டு விட்டு வருதுண்ணே" என்பார்கள். ரேடியோவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கிட்டாரின் உள்ளே புதிதாக ஒன்றும் இருக்காது. அதே வயர், அதே வால்யூம் கண்ட்ரோல், அதே கண்டென்சர். விட்டுப்போன இடத்தைப் பற்றவைத்து, இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். இன்று அந்தக் கடைகள் இருந்த இடத்தில் மொபைல் சர்வீஸ் கடைகள். பிசின் வாசனை அப்படியே இருக்கிறது, கிட்டார்தான் அங்கே வருவதில்லை. சுவிட்ச் கரகரத்தால் அது பார்சலில் நகரத்துக்குப் போகிறது, இல்லாவிட்டால் பரணுக்குப் போகிறது. எலக்ட்ரிக் கிட்டாரின் குரல் உருவாகும் இடமே அதன் வயரிங்தான். ஆகவே அதை வாசிக்கிறவர் அந்த வயரிங்கை அறிந்திருக்க வேண்டும், வேண்டியபோது தன் கையாலேயே பற்றவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். என் கட்சி இதுதான்.

இந்த வாதத்தைத் தேவாரத்துப் பக்கம் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த ஊரான பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு பாடப் புறப்பட்டது 1958இல், மலைமேல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்துக்கு. அந்தக் குழுவின் வாத்தியம் ஆர்மோனியம். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றபோது கிட்டார் அவர் கைக்கு வந்தது. டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் பெற்றதும், சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்ததும் 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முந்தைய கதை. கிட்டார் முன்னின்ற பாடல்களோடு அவருடைய 'மூடுபனி' 1980இலும் 'பயணங்கள் முடிவதில்லை' 1982இலும் வந்தபின் கிட்டார் இல்லாமல் மேடையேறுவது எந்த ஆர்கெஸ்ட்ராவுக்கும் முடியாத காரியமாயிற்று. அந்தப் பாடல்களைக் கூட்டம் கேட்கும். கேட்டால் வாசித்தாக வேண்டும். அடியில் நடக்கும் பாஸ் கிட்டாரின் தனி நடை வேறு அந்த இசையின் அடையாளமாகிவிட்டது. ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் திருவிழாவுக்கென்று மலையிறங்கி வந்து, கோயில் திடலில் துண்டை விரித்து உட்கார்ந்து, சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பிய காலம் அது. இப்போது அதே திடலில் ஒரு மடிக்கணினியும் ஒரு பாடகரும் போதும். வாத்தியம் எல்லாம் டிராக்கில் வந்துவிடுகிறது. மேடையிலிருந்து வாத்தியம் இறங்கியபோது வாத்தியத்தைப் பற்றிய கைவேலை அறிவும் கூடவே இறங்கிப் போனது.

மூடிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் ஒன்றின் முகப்புத் தகட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். மூன்று பிக்கப்புகள். ஒவ்வொன்றிலும் ஆறு தந்திகளுக்கு ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி, தலைமுடியைப் போல மெல்லிய செம்புக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்று. காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்கி வைத்திருக்கிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது, மாறும் புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் பாரடே கண்ட அதே விதி. நைலான் தந்தியைப் போட்டால் இந்தப் பிக்கப்புக்குக் காதே கேட்காது. பிறந்த அந்தச் சிறு மின்சாரம் சுவிட்சுக்குப் போகிறது, அங்கிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்கு, அங்கிருந்து கேபிள் செருகும் ஜாக்குக்கு. வழியில் டோன் கண்ட்ரோலோடு ஒரு கண்டென்சர் நிற்கிறது. பெரும்பாலும் 0.022 அல்லது 0.047 மைக்ரோ பாரட். அது கூர்மையான மேல் ஒலிகளை மட்டும் எர்த்துக்கு இறக்கிவிடுகிறது. குமிழைத் திருப்பும்போது குரல் கம்முவது அதனால்தான். வால்யூம் கண்ட்ரோல் 250 கிலோ ஓம் என்றால் ஒரு குரல், 500 கிலோ ஓம் என்றால் அதைவிடப் பளிச்சென்ற குரல். சில ரூபாய்ப் பொருள்கள்தான் இவை. ஆனால் வாத்தியம் எப்படிப் பேசும் என்று முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

சுவிட்சின் வேலை இன்னும் முக்கியமானது. தந்தியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்தி அதிகம் ஆடாது. அங்கே மேல் ஒலிகள் தூக்கலாக இருக்கும், அடிச் சுரம் மெலிந்திருக்கும். ஆகவே பிரிட்ஜ் பிக்கப் ஊசிபோலக் குத்தும். கழுத்துப் பக்கம் தந்தியின் அசைவு பெரிது, அடிச் சுரம் நிறைந்து வரும், குரல் உருண்டு திரண்டிருக்கும். ஒரே விரல், ஒரே தந்தி, ஒரே சுரம். எந்த இடத்திலிருந்து அதைக் கேட்கிறோம் என்பதைச் சுவிட்ச் தீர்மானிக்கிறது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதில் மூன்று நிலைச் சுவிட்சுதான் இருந்தது. மூன்று பிக்கப், ஆளுக்கொரு நிலை. ஆனால் வாசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் பக்கத்துப் பக்கத்துப் பிக்கப்புகள் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், அப்போது குழிவான, மணி உருள்வது போன்ற ஒரு குரல் கிடைக்கும் என்று கண்டுகொண்டார்கள். சுவிட்ச் நழுவாமலிருக்க நடுவில் எதையாவது செருகி வைத்தவர்களும் உண்டு. அதைத் தயாரித்த பெண்டர் நிறுவனம் ஐந்து நிலைச் சுவிட்சைத் தானே பொருத்தத் தொடங்கியது 1977இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசிப்பவர் கை முன்னே போக, தொழிற்சாலை பின்னே வந்தது. சுவிட்சுக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்த கைதான் ஒரு புதிய குரலை உலகுக்குக் கொடுத்தது.

இரைச்சலின் கதையும் இதையே சொல்கிறது. திருவிழாத் திடலில் சீரியல் லைட்டும் டியூப் லைட்டும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதன் காந்தப்புலம் பிக்கப் சுருளுக்குள் புகுந்து 'ம்ம்' என்று இரையும். ஆம்ப்ளிபயரைத் திட்டிப் பயனில்லை, சுருள் ஒரு ஆண்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்கிறது. கிட்டார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டு 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் உரிமை கிடைத்தது. இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இணைப்பில் ஒன்றை எதிர்த்திசையாக்கி, அதன் காந்தத்தையும் புரட்டி வைப்பது அந்த வழி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகி அடிபட்டுப் போகும். தந்தியின் ஒலி மட்டும் இரண்டு முறை புரண்டு ஒன்று சேர்ந்துகொள்ளும். கணக்குத் தெரிந்தவர் செய்த அழகான வேலை. இதையே தலைகீழாகச் செய்தாலும் ஒரு குரல் பிறக்கிறது. இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் இரு வயர்களை மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்தால், சேர்ந்து ஒலிக்கும்போது அடி ஒலி பெருமளவு அடிபட்டு, மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய நாதம் மிஞ்சும். கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் வைத்திருந்த லெஸ் பால் கிட்டாரின் கழுத்துப் பிக்கப்பில் காந்தம் திசைமாறிப் பொருந்தியிருந்தது. பிழையென்று ஒதுக்கியிருக்கக் கூடியது, பிறகு உலகமே தேடித்தேடிக் கேட்ட குரலாயிற்று.

வாத்தியத்தின் குரலை வாசிப்பவரே கட்டிக்கொள்வது நமக்குப் புதிதா என்றால் இல்லை. நாகசுரக்காரரின் வாத்தியத்தில் ஊதுவதற்கான சீவாளிக் கொத்து தொங்கும், கூடவே ஊசியும் தொங்கும். திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கிய சீவாளியை ஊறவைத்து, ஊசியால் வாயைத் திறந்து, தன் மூச்சுக்கு ஏற்றபடி பதப்படுத்திக்கொள்வது வாசிப்பவர் வேலை. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பி என்னும் இடப்பக்கத்தில் ரவை அப்பி, விரலால் தட்டித் தட்டிக் குறைத்தும் கூட்டியும் சுருதி சேர்க்கிறார். பறை அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றிய பிறகே அடி விழும். ஈரக்காற்று வீசும் மலையடிவாரத்தில் அந்த நெருப்பு இல்லாமல் ஊர்வலம் நகராது. இவர்களில் யாரும் அதைப் பழுதுபார்க்கும் வேலை என்று நினைப்பதில்லை. வாசிப்பின் முதல் படியே அதுதான் என்று குரு சொல்லிக்கொடுத்திருக்கிறார். எலக்ட்ரிக் கிட்டார் நம் ஊருக்கு வந்தபோது மட்டும் இந்த வழக்கம் எப்படியோ விட்டுப்போயிற்று. கார்டும் ஸ்கேலும் சொல்லித்தரும் வகுப்புகள் போடியிலும் தேனியிலும் மதுரையிலும் கிடைக்கும். முகப்புத் தகட்டைக் கழற்றிக் காட்டும் வகுப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு எப்போதும் விரலிலிருந்து வரும். நாதம் விரலில் இருக்கிறது, வயரில் இல்லை என்பார்கள். விரல்தான் முதல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் திடக்கட்டைக் கிட்டாரில் விரல் செய்தது எதுவும் நேராகக் கேட்பவர் காதுக்குப் போவதில்லை, சுருள் வழியாகத்தான் போகிறது. சுருள் கொடுக்காததை ஸ்பீக்கர் கொடுக்க முடியாது. இதற்கு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த அவருக்கு குரு ருத்ரராஜு சுப்பராஜு பாடித்தான் சொல்லிக்கொடுத்தார். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. வாய்ப்பாட்டின் கமகத்தை அப்படியே கொண்டுவர, இரட்டைத் தந்திகள் கொண்ட மரக்கூட்டு மாண்டலின் இடம் கொடுக்காது. தட்டிய ஒலி உடனே அவிந்துவிடும். அவர் எடுத்துக்கொண்டது திடக்கட்டை எலக்ட்ரிக் மாண்டலின், ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்திகள். தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது, கரைந்துகொண்டிருக்கும் ஒலியைப் பிக்கப் கைவிடாமல் தாங்கியது. 1981இல் சென்னையில் அவர் அரங்கேறியபோது பாரம்பரிய ரசிகர்கள் சிலர் தயங்கினார்கள் என்றாலும், சில ஆண்டுகளில் அந்த வாத்தியம் கர்னாடக மேடையின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது. 2014இல் அவர் மறையும் வரை அந்த நாதம் விரலும் சுருளும் சேர்ந்து செய்ததாகவே இருந்தது. விரல் எவ்வளவு நுட்பமோ அவ்வளவுக்கு வயரிங்கும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இரண்டாவது மறுப்பு இன்றைய பிள்ளைகளுடையது. கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் ஆயிரம் கிட்டார் ஒலி கிடைக்கிறதே, எந்த ஆம்ப்ளிபயர் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே, உள்ளே இருக்கும் வயரைப் பற்றி எதற்குக் கவலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த மென்பொருள்களின் தரம் உயர்ந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் மென்பொருளுக்குத் தீனி ஜாக்கிலிருந்து வருகிறது. சரியாகப் பிடிக்காத ஈயம், களிம்பேறிய சுவிட்ச், எர்த் விட்டுப்போன வயர், இவை உண்டாக்கும் கரகரப்பும் இரைச்சலும் அதே ஜாக் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அங்கே ஒலியை நூறு மடங்கு பெருக்கும்போது கரகரப்பும் நூறு மடங்கு பெருகும். இரைச்சலை வெட்டும் கருவியைப் போட்டால் அது சுரத்தின் வாலையும் சேர்த்து வெட்டிவிடும். கமகமும் மெல்லிய மீட்டலும் அந்த வாலில்தான் வாழ்கின்றன. ஊற்றுக்கண்ணில் செய்ய வேண்டிய வேலையைக் கடைமடையில் செய்து முடிக்க இயலாது.

மூன்றாவது, ஆபத்து பற்றிய பயம். பெற்றோர் சொல்வது இது, மதித்துப் பதில் சொல்ல வேண்டியது. பொதுவான கிட்டாருக்குள் பேட்டரிகூடக் கிடையாது, அதில் பிறக்கும் மின்சாரம் மில்லிவோல்ட் கணக்கில். கேபிளைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே பயப்பட ஒன்றுமில்லை, சூடான அயர்னில் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும். உண்மையான ஆபத்து ஆம்ப்ளிபயரிலும் மேடை வயரிங்கிலும் இருக்கிறது. கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது அந்த ஒற்றை வயரால்தான். மைக்குக்கும் கிட்டாருக்கும் எர்த் ஒன்றாக இல்லாவிட்டால், தந்தியைப் பிடித்த கையோடு மைக்கில் உதடு பட்டதும் உடம்பு வழியாக மின்சாரம் பாயும். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி நகரத்து மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இப்படித்தான் உயிரிழந்தார். ஜெனரேட்டரிலும் கம்பத்திலிருந்து இழுத்த வயரிலும் ஓடும் நம் திருவிழா மேடைகளுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. பாடத் தொடங்குமுன் டெஸ்டரை மைக் வலைமீது வைத்துப் பார்த்தவர்களை அந்தக் காலத்து மைக்செட் ஆட்களிடையே காணலாம். வயரிங் அறிந்தவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் அறிந்திருப்பார். அறியாமைதான் இதில் ஆபத்து.

கடைசியாக, அதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடலாமே என்ற யோசனை. சென்னையில் இருப்பவருக்கு அது எளிது. தேவாரத்தில் இருப்பவருக்கு, மலைமேல் நெடுங்கண்டத்திலோ உடும்பன்சோலையிலோ தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பவருக்கு, ஒரு சுவிட்சுக்காக ஒரு பகலும் பஸ் கூலியும் போகும். அந்தப் பக்கத்துக் காற்றோ மாதக்கணக்கில் ஈரம் சுமந்திருக்கும். ஏலத்துக்கு நல்லது, சுவிட்சின் உலோக நாக்குகளுக்கு நல்லதல்ல. அவை கறுத்துக் களிம்பேறிக் கரகரக்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு பீச்சி, சுவிட்சை இப்படியும் அப்படியும் இருபது முறை தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்கு நிபுணர் வேண்டியதில்லை. பிரிட்ஜ் அடியில் வயர் விட்டுப்போனாலும், ஜாக் தளர்ந்து சுழன்று வயரை முறுக்கிக்கொண்டாலும் அப்படித்தான். இன்னும் துணிந்தவர்களுக்கு எல்லை கிடையாது. குவீன் குழுவின் பிரையன் மே, தன் கிட்டாரை 1963இல் தந்தையோடு வீட்டில் உட்கார்ந்து செய்யத் தொடங்கினார், பழைய கணப்படுப்பின் சட்டத்து மரத்தை அறுத்து. மூன்று பிக்கப்புகளுக்கும் தனித்தனியே ஒரு ஆன்-ஆப் சுவிட்ச், திசை மாற்ற ஒரு சுவிட்ச், ஆக மொத்தம் ஆறு. கடையில் எந்தக் கிட்டாரிலும் கிடைக்காத சேர்க்கைகள் அதில் கிடைத்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் மேடைகளில் வாசித்துவருவது அதைத்தான். அவருடைய தந்தை மின்னணு வேலை தெரிந்தவர். நம் ஊர் ரேடியோ ரிப்பேர்காரர்களுக்குத் தெரிந்ததும் அதே வேலைதான்.

அந்தத் தலைமுறையைப் பற்றி நினைக்கும்போது ஏக்கம் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. அவர்கள் கையில் இருந்த அறிவு இன்னும் முழுவதும் போய்விடவில்லை. மொபைல் கடையில் அரிசியைவிடச் சின்னப் பாகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பற்றவைக்கும் தம்பிக்குக் கிட்டாரின் வயர் விளையாட்டு. கிட்டார் வாசிக்கிறவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் குறை. கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: முதல் வருடத்திலேயே ஒரு நாள் கார்டை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை முகப்புத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று பேப்பரில் வரையச் சொல்லுங்கள். மல்டிமீட்டரைப் பிக்கப்பின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் ஏறத்தாழ 6 கிலோ ஓம் காட்டும், இரட்டைச் சுருள் 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பழைய வயர்த் துண்டுகளில் பற்றவைத்துப் பழகட்டும். இணைப்பைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை உருகவிட வேண்டும், அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி அப்பக்கூடாது. ஆறியபின் பளபளவென்று இருந்தால் நல்ல பற்று, மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி செய்ய வேண்டியது. இவ்வளவும் கற்க ஒரு மத்தியானம் போதும். நாகசுரம் கற்கும் பிள்ளைக்குச் சீவாளியைப் பதப்படுத்தத் தெரியாமல் கச்சேரிக்கு அனுப்ப எந்த வித்வானும் சம்மதிக்க மாட்டார். கிட்டார் ஆசிரியர்களும் அந்த நிபந்தனையை வைக்க வேண்டும்.